நூற்று அறுபது படிகள்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பொழுது முழுக்க மேலேயே இருக்கிற அக்கா. கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, கீழே எறும்பு போலத் தெரிகிற ஆட்களுக்குக் கம்பியும் பலகையும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கூப்பிட்ட இடத்தில், சொன்ன அங்குலத்தில் சுமையை இறக்குவாள் என்று பெயர். ஒருமுறை தச்சர் ஒருவர் தரையில் தன் டீ டம்ளரை வைத்து, "மேலக்கா, கொக்கியால இதைத் தொட்டுக் காட்டுங்க பாப்போம்" என்று வாக்கி டாக்கியில் சவால் விட்டார். தொட்டுக் காட்டினாள். டீ தளும்பக்கூட இல்லை. அதற்காக மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினது வேறு கதை.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தாறாவது வயதில் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் போனது.

இடது தோளில் முதலில் லேசாக ஒரு குத்தல். தூக்கத்தில் கை மடங்கியிருக்கும் என்று நினைத்தாள். ஒரு மாதத்தில் சட்டைக் கைக்குள் கையை விடுவதே பெரும்பாடாகிவிட்டது. இரண்டாவது மாதம் கை நெஞ்சு உயரத்துக்குமேல் போக மறுத்தது. வலிக்கிறது என்பதுகூட இல்லை, அங்கே ஏதோ கதவு சாத்திக்கொண்ட மாதிரி. தள்ளினால் நகராது. தெரியாமல் வேகமாக அசைத்துவிட்டால் மட்டும் கண்ணில் பூச்சி பறக்கும்.

அவள் கணவர் மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர். காலையில் அவர்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டார். கைவிரலில் கிரீஸ் போகாத மனுஷன், ஒயரை முறுக்குவது போலப் பின்னலை இறுக்கிவிடுவார்.

"என்னங்க, முடியா இது, மோட்டார் காயிலா? மெதுவா."

"மெதுவாக் கட்டினா அவுந்துடும். ஆடாம உக்காரு." பின்னலை முடித்துவிட்டு, வழக்கம்போல அதையே சொல்வார். "அக்காகிட்டப் போய்க் காட்டுடி."

"உங்க அக்காகிட்டயா? நான் செத்தாலும் போகமாட்டேன்."

அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், ஊர் பெரிய மருத்துவமனையில் யோகா சிகிச்சைப் பிரிவை நடத்தினாள். எலும்பு டாக்டர் அனுப்புகிற முட்டி வலிக்காரர்கள், கழுத்துப் பிடிப்புக்காரர்கள், இடுப்பு பிடித்துப் போனவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். கைராசிக்காரி என்று பேர். ஆனால் மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாமியார் வாதத்தில் படுத்தபோது, "நீ அந்த வேலையை விட்டுட்டு அம்மாவப் பாத்துக்கோ" என்று நாத்தனார் சொன்னாள். இவள் மறுத்து, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தாள். நாலு மாதத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குச் சாத்திய வாயை நாத்தனார் அப்புறம் திறக்கவே இல்லை.

ஆனால் மேலக்காவுக்கு நாள் இல்லை. கிரேன் ஓட்டுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அவளுடைய சான்று இன்னும் ஒன்பது வாரத்தில் முடிகிறது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டச் சொல்வார்கள். அது ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம், மேலே அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் கை பிரச்சினையே இல்லை. கிரேனை இயக்கும் கைப்பிடிகள் இடுப்பு உயரத்தில் இருக்கும். மேலே போவதுதான் பிரச்சினை. நூற்று அறுபது படி. செங்குத்தான இரும்பு ஏணி. இடையிடையே நின்று மூச்சு வாங்க ஐந்து மேடைகள்.

உடம்பில் கட்டிய பெல்ட்டிலிருந்து இரண்டு கொக்கிக் கயிறுகள் தொங்கும். ஒன்று எப்போதும் தலைக்கு மேலே மாட்டியிருக்க, மற்றதைக் கழற்றி இன்னும் மேலே மாட்டி மாட்டித்தான் ஏற வேண்டும். ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை கொக்கியை மாட்டும். மேலக்காவின் இடது கையால் இந்த இரண்டில் எதையுமே செய்ய முடியவில்லை. அதனால் இடது முழங்கையை ஏணியின் பக்கக் கம்பியில் மடித்துக் கோத்து, ஏணியைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டில் முதுகைச் சாய்த்து, வலது கையால் கொக்கியை மாட்டினாள். பிறகு அதே வலது கையால் படியைப் பிடித்து ஏறினாள். எட்டு நிமிடத்தில் ஏறியவளுக்கு இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆனது. யாரும் வருவதற்கு முன்பே வந்து ஏறிவிடுவாள். எல்லோரும் போனபிறகு இறங்குவாள். கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர்கூட, "அக்காவுக்கு நம்மள விட வேலை மேல ஆசை" என்று கிண்டல் செய்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணவர் சொல்லாமலே அவளை மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். "லீவு சொல்லிட்டேன்" என்றார். "திட்டறதா இருந்தா சாயங்காலம் திட்டு."

எலும்பு டாக்டர் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். படம் எடுத்தார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போயிருக்கிறது என்றார். இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதானாம். ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததையும் கண்டுபிடித்தார். மாத்திரை எழுதிவிட்டு, அதே சீட்டில் கீழே 'யோகா சிகிச்சை' என்று இன்னொரு வரி எழுதினார். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துக் கதவு.

அந்த அறை முன்பு சாமான் கிடங்காக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு உயரமான ஜன்னல். சுவரோரம் மடித்த பருத்திப் போர்வைகள், முதுகுப் பலகை கழற்றிய இரும்பு நாற்காலிகள், துணிப் பட்டைகள், மரக்கட்டைகள். சுவரில் பதித்த கொக்கியில் ஒரு கயிறு. நாத்தனார் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வாங்க. உக்காருங்க."

தம்பி மனைவியை அவள் எப்போதும் வா போ என்றுதான் கூப்பிடுவாள். இந்த மரியாதை மேலக்காவுக்கு அறைந்த மாதிரி இருந்தது.

"வயசு?"

"தெரியாதா அண்ணி உங்களுக்கு?"

"சீட்டுல எழுதணும். சொல்லுங்க."

"நாப்பத்தாறு."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

மேலக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அடக்கிக்கொண்டாள். "உக்காந்து பாக்கற வேலை."

பேனா நின்றது. "ஏணி?"

மேலக்கா சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள்.

"ஏணி எப்படி ஏறறீங்கன்னு கேட்டேன்."

"ஏறறேன்."

நாத்தனார் சீட்டில் ஏதோ எழுதிவிட்டு எழுந்து, தரையில் போர்வையை விரித்தாள்.

யோகா என்றால் கையைக் காலை முறுக்குவார்கள், இரண்டு வாரத்தில் கதவு திறந்துவிடும் என்றுதான் மேலக்கா நினைத்திருந்தாள். முதல் இரண்டு வாரம் நாத்தனார் அவள் தோளைத் தொடவே இல்லை. மல்லாந்து படுக்க வைத்தாள். இடது கைக்கு அடியில் போர்வை மடித்து வைத்து, அந்தக் கை எதையும் சுமக்காதபடி செய்தாள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்றாள். மூச்சு விடும்போது தோள்பட்டை தரையில் ஆழ்வதைக் கவனிக்கச் சொன்னாள். அவ்வளவுதான்.

"அண்ணி, இதுக்கா நான் அரை நாள் லீவு போட்டு வரேன்?"

"பல்லைக் கடிக்கறீங்க. முதல்ல அதை விடுங்க."

அப்போதுதான் மேலக்காவுக்கே தெரிந்தது, மூன்று மாதமாகத் தன் தாடை இறுகியே இருக்கிறது என்று.

மூன்றாவது வாரம் நாற்காலியை வலது கையால் பிடித்துக் குனிந்து, இடது கையைச் சும்மா தொங்கவிடச் சொன்னாள். "நீங்க ஆட்டாதீங்க. உடம்பு அசையட்டும், கை அதுபாட்டுக்கு ஆடும்." பிறகு சுவர். விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஊர்வது போல மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் நாத்தனார் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். "வலி ஆரம்பிக்கற இடத்துக்கு ஒரு விரல்கடை கீழேயே நின்னுடுங்க. அங்க நின்னு பத்து மூச்சு. தாண்டினீங்கன்னா அது இன்னும் இறுகும்."

நாலாவது வாரம் கோடு சட்டென்று இரண்டு விரல்கடை ஏறியது. மேலக்கா வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

"தோள் ஏறல. குதிகால் ஏறுது" என்றாள் நாத்தனார். "காலை இறக்குங்க."

பக்கத்தில் முட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த பஸ் கண்டக்டர் சிரித்துவிட்டார். நாத்தனாருக்கும் உதடு துடித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

அன்று மற்றவர்கள் போனபிறகு நாத்தனார் கதவைச் சாத்தினாள்.

"சைட்டுல சொல்லிட்டீங்களா?"

"சான்று வாங்கறதுக்குள்ள சரியாயிடும்ல? இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

"எட்டு மாசம் ஆகலாம். ஒண்ணரை வருஷமும் ஆகலாம். அஞ்சு வாரத்துல ஆகாது."

"அப்ப இதெல்லாம் எதுக்கு?"

"அந்த ஒண்ணரை வருஷத்தை எட்டு மாசமா ஆக்க முடியுமான்னு பாக்கறதுக்கு."

மேலக்காவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "நான் அந்த வேலையை விடணும்னு நீங்க மூணு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கீங்க. இப்ப மனசு குளுந்திருக்குமே."

நாத்தனார் மடித்த போர்வையை மறுபடி பிரித்து மடித்தாள்.

"இங்க வர்றவங்க விஷயத்தை நான் வெளியே சொல்லக் கூடாது. என் தம்பிகிட்டக்கூட. அதனால உங்க சைட்டுக்குப் போன் பண்ணமாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க கொக்கிக்குக் கீழே நிக்கறவங்களுக்கு இது தெரியுமா?"

மேலக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் போகவில்லை. அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. ஏணி மட்டும் தினமும் இருந்தது. வலது கை இரண்டு கையின் வேலையையும் பார்த்துப் பார்த்துச் சாயங்காலமானால் சோற்றைப் பிசையக்கூடத் தெம்பில்லாமல் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் பம்பு வேலைக்குப் போயிருந்தபோது, செல்போனில் தேடி ஒரு வீடியோவை எடுத்தாள். இறுகிய தோளை ஏழே நாளில் திறக்கலாம் என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஒரு கையை மேலே கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் இறக்கி, மறு கையைக் கீழிருந்து கொண்டுவந்து, இரண்டையும் கோக்கும் ஆசனம். எட்டாவிட்டால் துண்டைப் பிடித்துக்கொண்டு இழுங்கள் என்றான். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் வலது கையால் துண்டை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். இடது கையால் கீழ்முனையைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

புதுத்துணி கிழிகிற மாதிரி உள்ளே ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீடியோவில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

கணவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனாள்.

அன்று ஏறி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. அறைக்குள் உட்கார்ந்ததும் வாந்தி வரும் போலிருந்தது. ஆனாலும் சுமைகளைத் தூக்கினாள், இறக்கினாள். பதினொரு மணி வரை எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு மேற்கே வானம் ஈயம் போல நிறம் மாறியது.

அப்போது கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது சுவர் வார்ப்பதற்கான பெரிய அச்சுப் பலகை. ஒரு அறைச் சுவரின் அகலம். ஆறாவது மாடியில் இரண்டு தச்சர்கள் அதை வாங்கிப் பொருத்தக் கை நீட்டி நின்றார்கள். முதல் காற்று அதன்மேல் மோதியதும் பலகை பாய்மரம் போலத் திரும்பியது. கண்ணாடி அறைக்குள் காற்று எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

"அக்கா, சுத்துது! நிறுத்துங்க!" வாக்கி டாக்கியில் சிக்னல்காரரின் குரல்.

"அவங்களப் படுக்கச் சொல்லு. தளத்துல படுக்கச் சொல்லு!"

தச்சர்கள் இருவரும் குப்புற விழுந்து படுத்தார்கள். பலகை அவர்கள் தலைக்கு மேலே ஒரு முழத்தில் கடந்துபோய் மறுபடி திரும்பியது. மேலக்கா அதன் ஆட்டத்தோடு சேர்ந்து கிரேனின் கையைத் திருப்பினாள். ஆட்டத்தை எதிர்த்து இழுத்தால் இன்னும் வீசும். துரத்திப்போய் அதன் மேலேயே நிற்க வேண்டும். திருப்புகிற கைப்பிடி இடது பக்கம். ஒவ்வொரு அசைவுக்கும் தோள் எரிந்தது. மூன்று தடவை துரத்தினாள். மூன்றாவது தடவை பலகை ஒரு கணம் சும்மா தொங்கியது. அந்த ஒரு கணத்தில் கட்டடத்தை விட்டு வெளியே இழுத்து, காலி மண்மேல் இறக்கினாள். சிக்னல்காரர் ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்றினார்.

"வந்துடுச்சு அக்கா. வந்துடுச்சு." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீங்க இறங்கிடுங்க. காத்து இன்னும் ஏறுமாம்."

கிரேனின் கை காற்றோடு தானே சுற்றட்டும் என்று பிரேக்கை விடுவித்தாள். எதிர்த்து நின்றால் கிரேனே சாய்ந்துவிடும்; விதி அதுதான். பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள். ஏணியே ஆடியது.

முதல் இரண்டு மேடை வரை எப்படியோ வந்துவிட்டாள். மூன்றாவதுக்குப் பாதி வழியில் தூறல் விழ ஆரம்பித்தது. நனைந்த படியில் வலது கால் வழுக்கியது. வலது கை அப்போதுதான் கொக்கியை மாற்றிக்கொண்டிருந்தது. உடம்புக்குத் தன் பழைய புத்தி. விழப்போகிறோம் என்றதும் இடது கை தானாக மேலே பாய்ந்து படியைப் பற்றியது.

அவள் கத்தினது கீழே கேட்டதாம். அவளுக்கு அது ஞாபகமில்லை. எல்லாம் வெள்ளையாகிப்போனது மட்டும்தான் ஞாபகம். விரல்கள் விட்டன. அவள் சரிந்தாள். மேலே மாட்டியிருந்த ஒற்றைக் கயிறு இழுத்து நிறுத்தியது. கூண்டில் தோள் மோதியது. கால் காற்றில் துழாவித் துழாவி ஒரு படியைக் கண்டுபிடித்தது. வலது கை ஒரு படியைப் பற்றிக்கொண்டது. அவ்வளவுதான். கொக்கி இப்போது தலைக்கு வெகு மேலே. அதைக் கழற்ற வேண்டுமானால் பற்றியிருக்கும் கையை விட வேண்டும். விட முடியாது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

"அக்கா, என்னாச்சு? பேசுங்க!"

வாக்கி டாக்கி இடுப்பில் தொங்கியது. அதை எடுக்கவும் ஒரு கை வேண்டும்.

மழை வலுத்தது. வலது முன்னங்கை நடுங்க ஆரம்பித்தது. இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்போது தாடை கட்டையாக இறுகியிருப்பதை உணர்ந்தாள். வாயைத் திறந்தாள். மூச்சை விட்டாள், நீளமாக. இன்னொன்று. பிடி கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் நழுவவில்லை. தேவையான அளவுக்கு மட்டும் பிடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். பதினேழு மூச்சு வரை எண்ணினாள். ஏணியில் யாரோ ஏறிவரும் அதிர்வு காலில் தெரிந்தது.

சிக்னல்காரர் அவளுக்குக் கீழே ஒரு படியில் வந்து நின்றார். தன் இரண்டு கையாலும் அவளைச் சுற்றி ஏணியைப் பிடித்து, உடம்பால் அவளை அணைகட்டி நிறுத்தினார்.

"இப்ப விடுங்க அக்கா. நான் இருக்கேன்."

"இடது கை வராது."

"சரி."

"சுத்தமா வராது."

"சரிக்கா." அவளுடைய இன்னொரு கொக்கியைத் தாழ்ந்த படியில் மாட்டிவிட்டு, மேலே மாட்டியிருந்த கயிற்றை அவள் பெல்ட்டிலிருந்து கழற்றினார். "வலது காலை மட்டும் இறக்குங்க. ம். அடுத்தது."

தரைக்கு வர அரைமணி நேரம் ஆனது. சைட் இன்ஜினியர் மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். "என்ன ஆச்சு? யாருக்காவது அடியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சிக்னல்காரர் முந்திக்கொண்டார். "படி வழுக்கிடுச்சு சார். அக்காவுக்கு ஒண்ணும் இல்லை."

இன்ஜினியர் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தார். அத்தோடு முடிந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். பலகையை இறக்கிய விதத்துக்காக அவளைப் பாராட்டிக்கூட இருப்பார்கள்.

"சார்" என்றாள் மேலக்கா. "வழுக்கினது நிஜம்தான். ஆனா என் இடது கை நாலு மாசமாவே மேல தூக்க வராது. மறைச்சுட்டேன்."

"நாலு மாசமா ஒத்தக் கையால ஏறினீங்களா?"

"ஆமா."

இன்ஜினியர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

சிக்னல்காரர் அவள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர், பாதியில் கையை எடுத்துவிட்டார். "நாலு மாசமா அடியில நான்தானே அக்கா நின்னேன்" என்றார். "மேல உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா, கொக்கியில தொங்கறது யார் தலையில விழும்?" அவள் பதிலுக்குக் காத்திராமல் மழையில் நடந்து போனார். பிறகு மூன்று மாதம் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவள் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துக் கதவைத் தள்ளினாள். நாத்தனார் அவள் தோளைப் பார்த்தாள். வீங்கிச் சிவந்திருந்தது.

"யாருடி உன்னை இழுக்கச் சொன்னது?"

மரியாதை போயே போய்விட்டது. மேலக்காவுக்கு அழுகை வந்தது. நாத்தனாரே அவளைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனாள், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வெளியே நின்றாள். தசைநார் அறுந்திருக்குமோ என்று இருவருக்கும் பயம். அறுந்திருக்கவில்லை. உறை நன்றாகப் புண்பட்டு வீங்கியிருந்தது. மூன்று வாரம் எதுவும் செய்யக் கூடாது, பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டாக்டர்.

முதலிலிருந்துதான் தொடங்கினார்கள். போர்வை, மூச்சு, நாற்காலி. சுவரில் பழைய கோடுகளைத் துடைத்துவிட்டு நாத்தனார் புதிய கோட்டைப் போட்டாள். அது பழைய முதல் கோட்டைவிடக் கீழே இருந்தது. அந்த மாதங்களில் மேலக்காவுக்குப் பொறுத்துக்கொள்ள முடியாதது வலி அல்ல, அந்தக் கோடுதான். சில வாரம் ஒரு நூல்கூட ஏறாது. ஒரு வாரம் இறங்கவே செய்தது. நாத்தனார் அன்றும் தேதி எழுதினாள்.

ஒருநாள் மல்லாந்து படுத்திருந்தபோது, கூரையைப் பார்த்தபடியே மேலக்கா சொன்னாள்: "அத்தையைக் காலையில நான்தான் அண்ணி புரட்டிப் படுக்க வைப்பேன். முதுகுக்குப் பவுடர் போட்டு, கஞ்சி குடுத்துட்டுத்தான் வேலைக்குப் போவேன். வேலைக்கு வந்த பொண்ணு எட்டு மணிக்குத்தான் வரும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்தப் பொண்ணு அப்பவே சொல்லிடுச்சு. காரியம் முடிஞ்ச அன்னைக்கே." நாத்தனார் அவள் தலைக்குக் கீழே போர்வையைச் சரிசெய்தாள். "அதுக்குள்ள நான் என்னென்னவோ பேசிட்டேன். அப்புறம் எப்படி வந்து பேசறதுன்னு தெரியல. நாளும் ஓடிடுச்சு. மூச்சை விடு. அடக்காதே."

விபத்து நடந்து நாலாவது மாதம் இன்ஜினியர் அவளைத் தரை வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாக வந்திருந்த கிரேன்காரருக்கு வாக்கி டாக்கியில் வழி சொல்கிற வேலை. சிக்னல்காரரோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் தலைக்கு மேலே கம்பிக் கட்டு கடந்து போனபோது மேலக்கா தன்னையறியாமல் தலையைக் குனிந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் அதன் கீழே நின்றதில்லை. பக்கத்தில் நின்றவர் அதைக் கவனித்தார். "பழகாது அக்கா" என்றார். "எனக்கே இன்னும் பழகல." மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

ஏழாவது மாதம் தகுதிப் பரிசோதனைக்குப் போனாள். கை காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. டாக்டர் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நாத்தனார் அவள் வீட்டுக்கு வந்தாள், மூன்று வருடத்துக்கும் மேலாகி முதல் தடவையாக. சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இங்கயும் ஒரு கோடு போட்டுக்கலாம்" என்றாள். "தினம் ரெண்டு வேளை. நான் இல்லாதப்ப இழுத்தேன்னு தெரிஞ்சா தோலை உரிச்சுடுவேன்." கணவர் அடுப்படியில் நின்று, "அக்கா, வீட்டுச் சுவருக்குப் போன மாசம்தான் வெள்ளையடிச்சேன்" என்று முனகியதை யாரும் சட்டை செய்யவில்லை.

பதினொன்றாவது மாதம் பரிசோதனையில் தேறினாள். கை இன்றைக்கும் காதைத் தொடாது; நாலு விரல் இடைவெளி இருக்கும். ஆனால் தலைக்கு மேலே படியைப் பிடிக்கும், கொக்கியை மாட்டும், உடம்பின் பாரத்தையும் தாங்கும். டாக்டர் அதை ஒன்றுக்கு மூன்று தடவை சோதித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

திரும்பவும் ஏறிய முதல் நாள், எல்லோரும் இருக்கும்போதே ஏறினாள். சிக்னல்காரர் ஏணியடியில் அண்ணாந்து நின்றார். ஒவ்வொரு மேடையிலும் அவள் நின்று, இரண்டு கையையும் தொங்கவிட்டு, ஐந்து மூச்சு விட்டாள். கீழே தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் கிண்டல் பண்ணவில்லை. மூன்றாவது மேடையைத் தாண்டியதும், தான் தொங்கின அந்த இடத்தில், இடது கை கொக்கியோடு மேலே போய் ஒரு விநாடி தயங்கியது. வலி இல்லை. வலி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான். அது போகிறவரை நின்றாள். பிறகு மாட்டினாள்.

இப்போது அந்த வேலைத்தளத்தில் காலைக் கூட்டத்தில் இன்ஜினியர் உடம்பு சரியில்லாதவர்கள் சொல்லலாம் என்கிறார். முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் கம்பி கட்டுகிறவர் ஒருவர் மணிக்கட்டைக் காட்டினார். அவரும் இப்போது எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துக் கதவுக்குப் போய்வருகிறார்.

மேலக்காவும் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறாள். மழைக்காலத்தில் தோள் இறுகும். திரும்பி வேலைக்கு வந்த இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு தடவை, காலையில் ஏணியடியில் நின்று கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நான் ஏறமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். முதல் தடவை சொல்வதற்கு நாக்கு புரளவில்லை. இரண்டாவது தடவை சிக்னல்காரரிடம்தான் சொன்னாள். அவர் உடனே மாற்று ஆளைக் கூப்பிட வாக்கி டாக்கியை எடுத்தார்.